கண்ணாடி உள்ள கேமராவும் இல்லாத கேமராவும்

கேனன் இஓஎஸ் 1500டி, கேனன் இஓஎஸ் ஆர்50 ஆகிய இரண்டும் லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய தொடக்கநிலைக் கேமராக்கள். முன்னது 2018இல் வந்த டிஎஸ்எல்ஆர். பின்னது 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட மிரர்லெஸ். இரண்டிலும் ஏபிஎஸ்-சி எனப்படும் அளவில் சென்சார் இருக்கிறது: அகலம் 22.3 மில்லிமீட்டர், உயரம் 14.9 மில்லிமீட்டர், ஒரு சிறிய அஞ்சல்தலை அளவு. பிக்சல் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டும் 24 மெகாபிக்சல். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் படித்தால் அண்ணன் தம்பி என்றுதான் தோன்றும். ஒரு மாலை வேடந்தாங்கல் ஏரிக்கரையிலும் மறுநாள் காலை மாமல்லபுரத்துப் பாறைகளின் நடுவிலும் இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது வேறு கதை தெரியும். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு இடங்களும் கேமராவிடம் கேட்பது முற்றிலும் வேறு வேறு.

வேறுபாட்டின் வேர் ஒரு சிறு கண்ணாடி. 1500டியில் லென்ஸுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கிறது. உள்ளே வரும் ஒளி அதில் பட்டு மேலே திரும்பி, அங்கே இன்னும் சில கண்ணாடிகளில் எதிரொளித்து, நிமிர்ந்த பிம்பமாகக் கண்ணுக்கு வருகிறது. சாய்ந்த கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியில் கொஞ்சத்தைப் பின்னால் கசியவிடும். அந்த ஒளி கேமராவின் அடித்தளத்தில் இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடும், ஷட்டர் திறக்கும், படம் பதியும், கண்ணாடி மறுபடி கீழே விழும். டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கே உரிய ‘டபக்’ சத்தம் இந்த ஏற்ற இறக்கத்தின் சத்தம். கண்ணாடி மேலே இருக்கும் அந்தக் கணத்தில் வியூஃபைண்டர் இருண்டுவிடும். சரியாகச் சொன்னால், படம் பதியும் நொடியைப் படமெடுப்பவர் ஒருபோதும் பார்ப்பதில்லை.

ஆர்50இல் அந்தக் கண்ணாடி கிடையாது. சென்சார் எப்போதும் விழித்திருக்கிறது. அது காண்பதையே கண்ணருகில் உள்ள 23.6 லட்சம் புள்ளிகள் கொண்ட குட்டித் திரை காட்டுகிறது. ஃபோகஸுக்குத் தனிச் சென்சாரும் இல்லை. படம் பதியும் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் இரண்டு ஒளியுணரிகளாகப் பிளக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கண்ணால் தூரத்தை உணர்வதுபோல், இடப் பாதியும் வலப் பாதியும் காணும் பிம்பங்களுக்கு இடையிலான விலகலை வைத்து லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கேமரா கணக்கிடுகிறது. கண்ணாடிக்கும் அதன் அறைக்கும் இடம் தேவைப்படாததால் உடலும் இளைத்திருக்கிறது. பேட்டரி, கார்டு சேர்த்து 1500டியின் எடை 475 கிராம், ஆர்50இன் எடை 375 கிராம்.

இப்போது ஏரிக்கரைக்கு வரலாம். செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரி பரப்பில் பெரியதல்ல. சுமார் 30 ஹெக்டேர். தாங்கல் என்றாலே இந்தப் பக்கத்தில் சிற்றேரி. 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊராருக்கு எழுதிக் கொடுத்த கவுல் என்ற உறுதிப் பத்திரம் முதல், 2022இல் கிடைத்த ராம்சார் ஈரநிலத் தகுதி வரை இதன் வரலாறு நீளமானது. படமெடுப்பவருக்கு அதில் முக்கியமான செய்தி ஒன்றுதான்: பறவைகள் கூடு கட்டும் மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன, மனிதர்கள் நடக்கக் கரை மட்டுமே உண்டு. ஓரடிகூட நெருங்க முடியாது. நெருங்க வேண்டிய வேலை முழுவதும் லென்ஸின் தலையில் விழுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். மஞ்சள் மூக்கு நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். அது கரையிலிருந்து 80 மீட்டர் தள்ளி ஒரு மரத்தின் உச்சியில் நிற்கிறது என்று கொள்வோம். 1500டியுடன் சேர்த்து விற்கப்பட்ட 55-250 மில்லிமீட்டர் லென்ஸை முழுக்க நீட்டினால், சென்சாரின் மேல் அந்த நாரையின் உயரம் 3.1 மில்லிமீட்டர். படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆர்50க்கென்று வந்த 55-210 லென்ஸில் அது இன்னும் சுருங்கி 2.6 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆர்எஃப் 100-400 லென்ஸை மாட்டினால் 5 மில்லிமீட்டர், படத்தில் மூன்றில் ஒரு பங்கு. இங்கே எந்தக் கேமரா என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உயரத்தை முடிவு செய்வது குவியத் தொலைவும் இடையிலுள்ள தூரமும்தான். புது உடலோடு 210 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருப்பவரைவிட, பழைய உடலோடு 250 மில்லிமீட்டர் வைத்திருப்பவர் நாரையை ஒரு சுற்றுப் பெரிதாகவே வீட்டுக்குக் கொண்டுபோவார்.

கிளையில் அசையாமல் நிற்கும் நாரை வரை இதுதான் கணக்கு. நாரை பறந்ததும் கணக்கு மாறிவிடும்.

நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஒரு மாலை, நான்கு மணிக்கு மேல், இரைதேடப் போன பறவைகள் திரும்பத் தொடங்கும். நத்தைகுத்தி நாரை ஒன்று அலகில் குச்சியோடு வருகிறது. மரத்துக்கு மேலே வந்ததும் கால்களைக் கீழே தொங்கவிட்டு, இறக்கையை அகல விரித்து, காற்றைத் தடுத்து வேகம் குறைத்துக் கிளையில் இறங்குகிறது. எல்லோருக்கும் வேண்டிய படம் அந்த ஒரு நொடி. 1500டியில் ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பது. எல்லாம் நடுவில் வைர வடிவில் நெருங்கி நிற்கின்றன. அவற்றில் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கும் நெடுக்குமாக இருபக்கக் கோடுகளையும் உணரும் வகை. பழக்கப்பட்டவர்கள் மற்ற எட்டையும் அணைத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் பறவையின் நெஞ்சில் பொருத்தி, வானம் தொடங்கும் இடத்திலிருந்தே கூடவே வருவார்கள். கை கொஞ்சம் பிசகினால் ஃபோகஸ் பின்னாலிருக்கும் கிளைக்குத் தாவிவிடும். கேமரா ஒரு விநாடிக்கு மூன்று படம் எடுக்கும். முதல் படத்தில் நாரை மரத்துக்கு மேலே, இரண்டாவதில் பாதி இறங்கிய நிலை, மூன்றாவதில் இறக்கையை மடித்தாயிற்று. நடுவில் நடந்தது நடந்ததுதான்.

ஆர்50இல் பறவையை அடையாளம் காணும் மென்பொருள் இருக்கிறது. விலங்குகள் என்ற தேர்வை வைத்துவிட்டால் பறவையின் உடல், தலை, கண் என்று தேடிப் போய்ச் சின்னச் சதுரம் ஒட்டிக்கொள்ளும். திரையின் ஓரத்துக்குப் போனாலும் விடாது. விநாடிக்கு 12 படம், மின்னணு ஷட்டரில் 15 படம். முதல்முறை கேமரா பிடிப்பவருக்கும் இரண்டு மூன்று நல்ல படம் தேறும். பறவைப் படத்துக்குப் புதிய உடல்தான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்வதில் வியாபாரம் மட்டும் இல்லை, உண்மையும் இருக்கிறது.

ஆனாலும் வேடந்தாங்கல் இந்த மென்பொருளையே திணறடிக்கும் இடம். ஒரே மரத்தில் நாரை, நீர்க்காகம், வக்கா, அரிவாள் மூக்கன் என்று அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும்போது எந்தக் கண் வேண்டும் என்று கேமராவுக்குத் தெரியாது. வந்திறங்கும் நாரையை விட்டுவிட்டு, அதன் பின்னால் நெடுநேரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும் வக்காவைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஒற்றைப் புள்ளிக்குத் திரும்ப வேண்டியதுதான். தவிர, சுருக்காத ரா கோப்பில் எடுத்தால் முழு வேகம் ஒரு விநாடிகூட நீடிக்காது. இடைநினைவகம் நிரம்பிக் கேமரா மூச்சு வாங்கும். மின்னணு ஷட்டரில் சத்தம் சுத்தமாக இல்லை என்பது நல்லதுதான். ஆனால் அது சென்சாரை வரிவரியாகப் படிப்பதால், படித்து முடிப்பதற்குள் வேகமாக அடிக்கும் இறக்கை இடம் மாறி, படத்தில் வளைந்து பதியக்கூடும். ஆகவே பறக்கும் பறவைக்கு 12 படமே போதும்.

ஏரியில் இன்னொரு சிக்கல் வெள்ளை. வெள்ளைக் கொக்கும் கரிய நீர்க்காகமும் ஒரே கிளையில் அடுத்தடுத்து இருக்கும். கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கருமையான நீரும் நிழலும் படத்தை நிறைத்திருந்தால் அது ஒளியைக் கூட்டிவிடும். கொக்கின் இறகுகளில் விவரமெல்லாம் கரைந்து வெறும் வெள்ளைத் திட்டு மிஞ்சும். அதைத் தடுக்க எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை குறைத்து வைக்க வேண்டும். 1500டிக்காரர் ஒன்றை எடுத்து, பின்திரையில் பார்த்து, திருத்தி, மறுபடி எடுப்பார். ஆர்50இன் வியூஃபைண்டரில், எடுக்கப் போகும் படம் எடுப்பதற்கு முன்பே ஏறத்தாழ அப்படியே தெரிந்துவிடுகிறது. கற்றுக்கொள்பவருக்கு வேகமான ஃபோகஸைவிடவும் இது பெரிய உதவி என்றே சொல்ல வேண்டும்.

பதிலுக்கு அது கேட்கும் விலை மின்சாரம். ஒளி நேராக வரும் 1500டியின் வியூஃபைண்டரில் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பேட்டரி கரையாது. ஒரு சார்ஜுக்குச் சுமார் 500 படம் என்பது நிறுவனக் கணக்கு. ஆர்50இல் வியூஃபைண்டர் வழியே எடுத்தால் அவ்வளவு வராது. கூடு கட்டுவதைக் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து கவனிப்பவர் பையில் இன்னொரு பேட்டரி இருந்தே ஆக வேண்டும்.

சூரியன் இறங்க இறங்க லென்ஸின் வாய் அகலம் முக்கியமாகிறது. பறக்கும் பறவையை உறைய வைக்க ஷட்டர் 1/1000 விநாடியாவது இருக்க வேண்டும். 55-250 லென்ஸ் முழுக்க நீண்ட நிலையில் எஃப் 5.6 வரை திறக்கும். ஆர்எஃப் 100-400 லென்ஸ் 400இல் எஃப் 8 மட்டுமே. எஃப் 8 உள்ளே விடும் ஒளி எஃப் 5.6 விடுவதில் பாதி. முன்னதற்குச் சென்சாரின் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓ 3200 போதுமான வெளிச்சத்தில் பின்னதற்கு 6400 வேண்டும். நீட்டம் கூடக்கூட இருட்டும் கூடுகிறது. எடையையும் விலையையும் ஏற்றாமல் இரண்டையும் ஒன்றாகப் பெற வழியில்லை. நல்லவேளையாக, ஆர்50இன் புதிய சென்சாரில் உயர் ஐஎஸ்ஓவின் புள்ளிப் புள்ளியான இரைச்சல் குறைவு. 1500டியில் 6400 என்பது சாதாரண வரம்பின் கடைசிப் படி.

லென்ஸும் உடலும் வேறு வேறு என்ற எண்ணம் வேடந்தாங்கலுக்குப் புதிதல்ல. 1960இல் சென்னை மாநில வனத்துறை வெளியிட்ட வேடந்தாங்கல் நூலை எழுதிய மா. கிருஷ்ணன் (1912-1996), பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு கனத்த கேமராவைத்தான் காடு மேடெல்லாம் சுமந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். தானியங்கி ஃபோகஸ் கேமராக்கள் அப்போது சந்தைக்கு வரவில்லை.

இன்று அப்படி ஒட்டுப்போட்டுக்கொள்ள ஒரு வளையம் போதும். 1500டியின் லென்ஸ் வாய் இஎஃப் என்ற பொருத்து. கேனன் அதை 1987இல் கொண்டுவந்தது. லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் அதில் 44 மில்லிமீட்டர். நடுவில் கண்ணாடி எழும்பி விழ அவ்வளவு இடம் வேண்டும். ஆர்50இல் உள்ள ஆர்எஃப் பொருத்து 2018இல் வந்தது. கண்ணாடி இல்லாததால் தூரம் 20 மில்லிமீட்டர்தான். இரண்டுக்கும் வாய் விட்டம் ஒன்றே: 54 மில்லிமீட்டர். ஆக, இடையில் மிச்சமாகும் 24 மில்லிமீட்டரை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அடாப்டர். அதில் லென்ஸ் எதுவும் கிடையாது, மின்தொடர்பு மட்டும் உண்டு. பழைய இஎஃப் லென்ஸ் அதன் வழியே ஆர்50இல் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். எதிர்த்திசையில் வழியில்லை. ஆர்எஃப் லென்ஸை 1500டியில் மாட்ட முடியாது. 44 மில்லிமீட்டரை 20ஆகச் சுருக்க யாராலும் ஆகாது. பழைய கேமராவுக்காக இன்று வாங்கும் லென்ஸ் நாளைக்கும் உதவும், புதிய லென்ஸ் பின்னோக்கிப் போகாது. முதல் கேமரா வாங்கும் குடும்பங்கள் அதிகம் யோசிக்காத விஷயம் இது.

மாமல்லபுரத்தில் எல்லாம் தலைகீழ். பல்லவர் செதுக்கியவை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அங்கேயே நிற்கின்றன. எந்த ஃபோகஸ் புள்ளியும் அவற்றைத் தவறவிடாது. அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய கதை என்றும் சொல்லப்படும் புடைப்புச் சிற்பத் தொகுதி இரண்டு பெரும் பாறைகளில் 30 மீட்டரை ஒட்டிய நீளத்துக்குப் பரவியிருக்கிறது. அதை ஒரே படத்தில் முழுதாக அடக்க 18 மில்லிமீட்டரில் குறைந்தது 24 மீட்டர் பின்னால் போக வேண்டும். எதிரில் சாலையும் ஆட்களும். 10 மில்லிமீட்டர் அகல லென்ஸ் என்றால் 14 மீட்டர் போதும். இரண்டு கேமராவுக்கும் 10-18 மில்லிமீட்டர் லென்ஸ் உண்டு. நெருங்கி நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் பாறை பின்னால் சாய்வதுபோலப் பதியும். கேமராவை நேராகப் பிடித்துவிட்டு, வேண்டாத தரையைப் பிறகு வெட்டிக்கொள்வது நல்லது.

இந்தப் பாறை கிழக்கு பார்த்தது. சூரியன் எழுந்த உடனே ஒளி நேர் எதிரே விழும். நிறம் பொன்னாக இருக்கும், ஆனால் உருவங்கள் தட்டையாகத் தெரியும். சூரியன் ஏற ஏற ஒளி மேலிருந்து பாறையை உரசிக்கொண்டு இறங்கும். யானையின் காதுமடிப்புக்கும் தவம் செய்யும் பூனையின் விலா எலும்புக்கும் நிழல் முளைத்து உருவம் எழுந்து நிற்கும். பிற்பகலில் முகப்பு முழுவதும் நிழலுக்குள் போய்விடும். இந்த ஒரு மணி நேர ஒளி வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் இரண்டு கேமராவின் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, நிதானமான கை. இவை இருந்தால், அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு படங்களில் எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்வது கடினம்.

வித்தியாசம் தெரியும் இடம் குடைவரைகளின் உள்ளே. வராக மண்டபத்தின் தூண்களில் வெயில் அடிக்கும், உட்சுவர் இருண்டிருக்கும். வெயிலுக்கு அளந்து எடுத்துவிட்டு நிழலைப் பிறகு கணினியில் தூக்கும்போது, 1500டி படத்தில் கோடுகளும் நிறப் பிசிறும் முன்னதாகவே தலைகாட்டும். ஆர்50 இன்னும் கொஞ்சம் தாங்கும். முக்காலி வைத்து எடுக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும் என்பதால் பெரும்பாலோர் கையில் பிடித்துத்தான் எடுக்கிறார்கள். இரண்டு கேமராவிலும் அதிர்வைத் தணிக்கும் அமைப்பு உடலில் இல்லை, லென்ஸில்தான் இருக்கிறது. லென்ஸின் பெயரில் ‘ஐஎஸ்’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதற்கு இதுவே காரணம். 1500டியோடு வரும் 18-55 லென்ஸுக்கு ஐஎஸ் உண்டு. அதன் குறை வேறு. ஃபோகஸ் செய்யும்போது அதன் முன்கண்ணாடியும் சேர்ந்து சுழலும். கடற்கரைக் கோயிலின் பின்னால் வானத்தை அடர்நீலமாக்கப் போலரைசர் மாட்டியவர் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஊருக்குள் உளிச் சத்தம் கேட்கும் பட்டறைகளில் வேலைக்கு ஆகும் லென்ஸ் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8. இரண்டு பொருத்திலும் கிடைப்பது, கையடக்கம், விலையும் மலிவு. சிற்பியின் விரலும் உளிமுனையும் மட்டும் துல்லியமாக, பின்னால் இருக்கும் கூரைத் தகரமும் சாக்கும் மங்கலாகக் கரைந்துபோக, இந்த ஒன்று போதும். உளியிலிருந்து தெறிக்கும் சில்லை நிறுத்த 1/2000 விநாடி வேண்டும். எஃப் 1.8 கூரைக்குக் கீழும் அதற்கு இடம் தரும். மார்கழியை ஒட்டி நடக்கும் நாட்டிய விழாவிலும் இதே லென்ஸ்தான். அங்கே ஆர்50இன் சத்தமில்லாத மின்னணு ஷட்டர் பக்கத்து இருக்கைக்காரரைத் தொந்தரவு செய்யாது. ஆனால் மேடை விளக்கு எல்இடியாக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைப்பது ஒரு தற்காப்பு. ஆட்டத்தை வீடியோவாகவும் எடுக்க நினைப்பவருக்கு 1500டி உதவாது. அதில் 4கே கிடையாது, வெளி மைக் செருக வழியில்லை, பின்திரை பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் தட்டுத் தடுமாறும். ஆர்50இல் மூன்றும் தீர்ந்திருக்கின்றன.

கடற்காற்றுக்கு இரண்டும் பகை. உப்பையும் ஈரத்தையும் தடுக்கும் அடைப்பு எதிலும் இல்லை. கோவளத்தில் அலைச்சறுக்கையோ கட்டுமரம் கரையேறுவதையோ எடுப்பவர் மணற்காற்றில் லென்ஸைக் கழற்றாமல் இருப்பது நல்லது. அதிலும் ஆர்50இல் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் பளிச்சென்று வெளியே தெரியும். 1500டியில் அதன் முன்னால் கண்ணாடியும் மூடிய ஷட்டரும் காவல் நிற்கின்றன. குளிரூட்டிய காரிலிருந்து கடற்கரை வெக்கையில் கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பே பையை மூடியபடி ஏசி இல்லாத இடத்தில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மெதுவாக வருவது பூஞ்சை. ஈரம் மிகுந்த இந்தக் கரையோரத்தில், துணிப் பையில் போட்டு அலமாரியில் மறந்துவிட்ட லென்ஸின் உள்ளே சிலந்தி வலைபோல நூல் ஓடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது குறைந்த செலவுக் காப்பு. 1500டியைப் பழைய கேமராவாக வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான். லென்ஸைக் கழற்றி, ஒரு முனையிலிருந்து கைபேசி டார்ச்சை அடித்து, மறுமுனை வழியே சாய்த்துப் பார்க்க வேண்டும். தூசு தனித்தனிப் புள்ளியாகத் தெரியும், அதனால் கேடில்லை. ஓரத்திலிருந்து கிளை பிரிந்து வரும் வெள்ளை நூல் தெரிந்தால், என்ன விலை சொன்னாலும் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.